விலைப்பட்டியலைப் பாடமாக்குங்கள்

‘தீபாவளி இஸ் எ ஃபெஸ்டிவல் ஆஃப் லைட்ஸ்’ என்று தொடங்கும் பத்து வரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யாமல் ஆங்கில வகுப்பைக் கடந்து வந்தவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அதிகாலையில் எழுவோம், எண்ணெய் தேய்த்துக் குளிப்போம், புத்தாடை உடுத்துவோம், பட்டாசு வெடிப்போம். சென்னைப் பிள்ளை எழுதும் இதே வரிகளைத்தான் திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டையிலும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ள நம் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் அவை. ஆலைக்குப் போகும் அம்மா இருக்கிற வீட்டில் தீபாவளி என்பது போனஸ். அது முடிந்ததும் ஆலை மூடிக்கிடக்கும் வாரங்கள். பிறகு பூஜை போட்டு மறுபடி வேலை தொடங்கும் நாள். இதில் ஒன்றுகூட அந்தக் கட்டுரையில் வராது. சொல்ல நிறைய வைத்திருக்கும் பிள்ளையிடம், வேறு யாரோ எழுதியதை ஒப்பிக்கச் சொல்கிறோம்.

தனியார் பள்ளிகள் சிலவற்றில் கதை வேறு. அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் பூசணி முகமூடி, டிசம்பரில் பஞ்சு ஒட்டிய பனி. முகமூடி செய்வது பெற்றோர், மேடையை அலங்கரிப்பது ஆசிரியர். பிள்ளையின் பங்கு, ஒப்பித்த இரண்டு வரி. கிறிஸ்துமஸ் வகுப்புக்குள் வருவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அதைக் கொண்டாடும் வீடுகள் சிவகாசியிலும் சாத்தூரிலும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை தன் வீட்டு விழாவைத் தன் வாயால் சொல்லட்டும் என்பதே நம் கோரிக்கை. பண்டிகையை வைத்து அந்நிய மொழி கற்பிப்பது நல்ல வழிதான். ஆனால் பண்டிகை அலங்காரமாக வந்தால் மொழி வளராது; பிள்ளை பேசியே ஆகவேண்டிய ஒரு வேலையாக வர வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. 1979 முதல் 1984 வரை மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் திட்டம் இன்றும் உலகெங்கும் ஆசிரியர் பயிற்சிகளில் பேசப்படுகிறது. இலக்கண விதியை முன்னால் வைக்காமல் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கையில் கொடுத்து, எந்த ரயிலில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். விடையைத் தேடும் வேகத்தில் மொழி தானாகப் புழங்கியது.

நம் ஊரில் அட்டவணைக்கா பஞ்சம்? பட்டாசு விலைப்பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அச்சாகிறது: சரக்கின் பெயர், பெட்டிக்கு எத்தனை, விலை, எண்பது சதவீதத் தள்ளுபடி. எட்டாம் வகுப்பில் நான்கு பேருக்கு ஒரு பட்டியல் கொடுங்கள். கையில் 2,000 ரூபாய். வீட்டில் நான்கு வயதுத் தம்பியும் சத்தம் ஆகாத பாட்டியும் இருக்கிறார்கள். எதை வாங்கலாம், ஏன்? ‘திஸ் இஸ் டூ லவுட் ஃபார் பாட்டி’ என்று ஒரு பெண் சொன்னால், அது எந்த நோட்ஸிலும் இல்லாத, அவளே கட்டிய வாக்கியம். எது மலிவு, எதில் எண்ணிக்கை அதிகம் என்று வாதாடும்போது ஒப்பீட்டுச் சொற்கள் வந்துவிடும். அடுத்த நாள் வெறும் அட்டைப்பெட்டியின் மேலுள்ள எச்சரிக்கைகளைப் படிக்கலாம். ஏவல் வாக்கியத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

பத்தாம் வகுப்புக்கு இன்னும் கனமான வேலை இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. தமிழ்நாட்டில் அது காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்றானது. ஏன் என்று டெல்லி மாணவர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கேட்கட்டும். நம் பிழைப்பு இன்னொரு ஊரில் மூச்சுத் திணறலாகப் பார்க்கப்படுவதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்குள்ள கூலி வீடுகளின் நிலையை டெல்லிப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தேவை தமிழில் தீராது.

‘பட்டாசை வகுப்புக்குள் விடலாமா’ என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், ஆலையிலிருந்து பள்ளிக்கு வர ஒரு தலைமுறை பட்ட பாட்டையும் மறக்க முடியாது. ஆகவே வகுப்புக்குள் வருவது காகிதம் மட்டுமே. ஒரு திரிகூட வரக்கூடாது. விபத்தில் உறவை இழந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் வலிக்கலாம். அவருக்கு வேறு பட்டியல் கொடுக்கும் உரிமை ஆசிரியருக்கு வேண்டும். வேறு பண்டிகைகளுக்கும் குறைவில்லை. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு வரும் வெளியூர்க்காரருக்குப் பேருந்து நிலையத்திலிருந்து வழி சொல்வதும் ஒரு பாடம்தான். கனடாவிலும் அமெரிக்காவிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஆங்கிலம் மட்டுமே பேசும் நம் பேரப்பிள்ளைகளைப் பொங்கல் பானையைச் சுற்றி உட்காரவைத்துத் தமிழ் பேசவைக்கின்றன. அதே வழி இங்கே ஆங்கிலத்துக்கும் செல்லும். பூசணி முகமூடி அதற்குப் பிறகு வரட்டும். அப்போது ‘உங்கள் ஊரில் எப்படி’ என்று கேட்கும் தெம்பு பிள்ளைக்கு இருக்கும்.

மாவட்டக் கல்வித் துறை செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. உள்ளூர் ஆசிரியர்களை உட்காரவைத்து இத்தகைய பாடங்களைத் தொகுக்க வேண்டும். நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கும் சிவகாசி இங்கே இருக்க, அச்சகத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் தேர்வில் வராததை நடத்த ஆசிரியருக்கு நேரம் கிடைக்காது. போர்ஷன் முடிக்கும் நெருக்கடி அப்படி. எனவே, வரும் அரையாண்டுத் தேர்வின் ஆங்கில வினாத்தாளில் தீபாவளிக் கட்டுரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு விலைப்பட்டியலை அச்சிட்டு நான்கு கேள்வி கேளுங்கள்.