பணிவு என்னும் பயிற்சி

'மூத்த மாணவர்களிடம் சற்றே பணிந்து போனால் என்ன குறைந்துவிடும்? எல்லோரும் இதைக் கடந்து வந்தவர்கள்தாமே?' செவிலியர் கல்லூரிகளில் நிகழும் கொடுமையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இவ்விரு கேள்விகளும் எழுந்துவிடுகின்றன. கேட்பவர்கள் கோட்டயத்தில் நடந்ததை ஒருமுறை நினைவுகூர்வது நல்லது.

2025 பிப்ரவரியில், அங்குள்ள அரசு செவிலியர் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர்களைச் சித்திரவதை செய்ததாக மூத்த மாணவர் ஐவர் கைது செய்யப்பட்டனர். முந்தைய நவம்பரிலேயே கொடுமை தொடங்கிவிட்டது என்பது புகார். காம்பஸால் உடலைக் குத்தியது, அக்காயங்களின் மீது லோஷனை ஊற்றியது, குடிப்பதற்குப் பணம் பறித்தது என நீள்கிறது அப்பட்டியல். புண்ணைத் துடைத்துக் கட்டுவதையே பாடமாகப் படித்தவர்கள் மீதான குற்றச்சாட்டு இது! மூன்று மாத காலம் அவ்விடுதியில் எவர் காதிலும் எதுவும் விழவில்லையா? கல்லூரி முதல்வரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் தமிழகம் ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. கேரளம் 1998இல் இயற்றிய சட்டமோ, புகாரைப் புறக்கணிக்கும் கல்லூரித் தலைவரையும் குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதுகிறது. பிறகும் ஏன் இந்நிலை?

செவிலியர் கல்வி கீழ்ப்படிதலை ஓர் அறமாகவே போதிக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. நோயாளியின் முன்னிலையில் வார்டு பொறுப்பாளர் மாணவியை ஏசினால் அதற்குப் பயிற்சி என்று பெயர். அதையே இரவில் விடுதியில் சீனியர் செய்தால் ராகிங். பின்னது முன்னதிடம் கற்ற பாடம். செவிலியர்கள் தம் குஞ்சுகளைத் தாமே தின்கிறார்களா என்று 1986இல் கேட்ட அமெரிக்கரான ஜூடித் மைஸ்னர், ஆசிரியர்களையும் சேர்த்தே கூண்டில் ஏற்றினார்.

அவிநாசிபாளையத்திலிருந்து பனியன் கம்பெனிக்குப் போய், ஓவர்டைம் பார்த்துக் கட்டணம் கட்டும் தாயிடம் மகள் இதையெல்லாம் சொல்லமாட்டாள். பாதியில் விட்டால் கட்டிய பணம் திரும்பாது. செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணும் ரெக்கார்டு நோட்டின் கையெழுத்தும் ஏசியவர்களின் கையில். அவளது மௌனத்தைச் சம்மதமென்று கல்லூரிகள் எழுதிக்கொள்கின்றன.

கேள்வி கேட்டால் அவமானமே மிஞ்சும் என்று கற்றுக்கொண்டவள், நாளை மருந்தின் அளவில் ஐயம் எழுந்தாலும் வாய் திறக்கத் தயங்குவாள். அதற்கான விலையைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி கொடுக்க நேரும். ஆகவே, புகாரை விசாரிப்பவர் கல்லூரிக்கு வெளியிலிருந்தே வரவேண்டும். மதிப்பெண் இடுபவரே நீதிபதியாகவும் அமர்வது தகாது. பணிந்து போகச் சொல்பவர்களும் ஒருநாள் அந்தக் கட்டிலில் படுக்க வேண்டியவர்கள்தாம்.