டெல்லியில் எத்தனை இடம் பார்த்தாய்?

விடுமுறைக்கு டெல்லி போய் வந்தவர்களிடம் வகுப்பில் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். "எத்தனை இடம் பார்த்தே?", "என்ன வாங்கினே?" இந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகவே நம் வீடுகளில் பயணத் திட்டம் போடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே நாளில் குதுப்மினார், தாமரைக் கோயில், இந்தியா கேட், ராஜ்காட், செங்கோட்டை. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். "சீக்கிரம் வா, வேன் கிளம்பிடும்!" என்று விரட்டுவார்கள். மத்தியானம் அதே வேன், யாரும் கேட்காமலே ஒரு பெரிய துணிக்கடை வாசலில் போய் நிற்கும். அங்கே மட்டும் அவசரமே இருக்காது! ஆள் கூட்டி வந்ததற்குச் சில கடைகள் டிரைவருக்கோ வழிகாட்டிக்கோ கமிஷன் கொடுப்பது உண்டு. அந்தக் கமிஷனும் அம்மா வாங்கும் சால்வையின் விலையில்தான் சேர்ந்திருக்கும். காலையில் உங்களுக்குக் கிடைக்காத ஒரு மணி நேரம் இங்கேதான் போகிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பார்த்திருக்கலாம்? குதுப்மினாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 72.5 மீட்டர் உயரம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பக்கத்திலேயே சுமார் 7 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. 1,600 ஆண்டுகளுக்கும் மேல் பழையது, குப்தர் காலத்தது. நம் வீட்டு ஜன்னல் கம்பி இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடுகிறது. இந்தத் தூண் மட்டும் எப்படி அப்படியே நிற்கிறது? அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் உண்டாகி, மேலும் துரு ஏறாமல் காக்கிறது. முன்பெல்லாம் தூணில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் கொண்டுபோய் கட்டிப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்று ஆளாளுக்குத் தொட்டார்கள். அதில் தூண் தேயவே, 1997இல் சுற்றிலும் வேலி போட்டார்கள். தூணில் பிராமி எழுத்தில் கல்வெட்டு போலவே ஒரு வாசகமும் இருக்கிறது. அரை மணி நேரத்தில் இதையெல்லாம் எங்கே பார்ப்பது?

கடைக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. டெல்லியில் கடைத்தெருவே பார்க்க வேண்டிய இடம்தான். செங்கோட்டையின் லாகூர் வாசலில் நுழைந்தால் கூரை போட்ட ஒரு கடைவீதி வரும். பெயர் சட்டா சௌக். 1648இல் ஷாஜகான் கோட்டையைக் கட்டி முடித்தபோதே இருந்தது. அன்று அரண்மனைக்காரர்களுக்குப் பட்டும் நகையும் விற்றார்கள், இன்று பையும் வளையலும் விற்கிறார்கள்.

கோட்டைக்கு எதிரே சாந்தினி சௌக். ஷாஜகானின் மகள் ஜஹானாரா அமைத்த கடைவீதி. அன்று நடுவே வாய்க்கால் ஓடியது. நிலா வெளிச்சம் அதில் பிரதிபலித்ததால் இந்தப் பெயர் என்பார்கள். வாய்க்கால் இப்போது இல்லை, கடைகள் இருக்கின்றன. தரீபா கலான் சந்தில் வெள்ளிச் சாமான். கினாரி பஜாரில் ஜரிகை. காரி பாவ்லியில் மளிகைச் சாமான். மிளகாய் மூட்டை கண்ணில் படும் முன்பே தும்மல் வந்துவிடும்! இங்கே வேன் வேண்டாம். மெட்ரோ ரயிலில் போய் இறங்கி நடக்கலாம்.

பரிசுப் பொருள் வாங்க டில்லி ஹாட் போகச் சொல்லுங்கள். 1994இல் தொடங்கிய சந்தை. பல மாநிலக் கைவினைஞர்களுக்கு மாற்றி மாற்றிக் கடை கொடுக்கிறார்கள். பொருளைச் செய்தவரே பல கடைகளில் உட்கார்ந்திருப்பார். "கித்னா?" என்று விலை கேட்பதோடு, "கைசே பனாயா?" என்று எப்படிச் செய்தார் என்றும் கேளுங்கள். எத்தனை நாள் வேலை என்று தெரிந்த பிறகு, எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பேரம் பேசுவதில் அப்பாவை விடக் கறாரான பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும்!

"இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு எல்லாத்தையும் பார்க்காம போறதா?" என்பார்கள் பெரியவர்கள். நியாயம்தான். சென்னையிலிருந்து ரயிலில் கிட்டத்தட்ட 2,200 கி.மீ. ஆனால் அவ்வளவு தூரம் போய் ஐந்து வாசல்களில் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதா? ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். புறப்படும் முன்பே நீங்கள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் படித்துவிட்டு, "இந்த இடத்தில் இரண்டு மணி நேரம் எனக்கு வேண்டும்" என்று வீட்டில் கேளுங்கள். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது. "எனக்குச் செலவே இல்லையே!" என்று வாதாடலாம்.

நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க, செவ்வாய் முதல் சனிக்குள் ஒரு நாளைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.