அந்த எக்செல்லை இனி யாருக்கும் தர மாட்டேன்

"ப்ரோ, உங்ககிட்ட பினாங்கு ஷீட் ஒண்ணு இருக்காமே, அனுப்புங்களேன்." மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். சிலர் என் டீம், சிலரை லிஃப்டில்கூடப் பார்த்ததில்லை. நான் போட்ட எக்செல் என்னைவிட அதிகம் ஊர் சுற்றிவிட்டது. இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் பெருமையாக அனுப்பிக்கொண்டிருந்தேன். இனி அனுப்புவதாக இல்லை. ஏன் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன். திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

முதலில் அந்த ஷீட்டைப் பற்றி. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்று ஆனதும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு பினாங்கு போக முடிவு செய்தேன். அவருக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். கிடைத்த லீவு நான்கு நாள். மூன்று வாரம், தினமும் ராத்திரி உட்கார்ந்து ஷீட்டைக் கட்டினேன். ஜார்ஜ் டவுனில் 27 நிறுத்தங்கள். கடை பெயர், என்ன சாப்பிட வேண்டும், ஸ்டார் எத்தனை, எத்தனை பேர் ரிவ்யூ எழுதியிருக்கிறார்கள், திறக்கும் நேரம், பன்றி உண்டா இல்லையா, எத்தனை நிமிடம் ஒதுக்கலாம் என்று தனித்தனிக் கட்டங்கள். கடைசிக் கட்டம் 'ஸ்டேட்டஸ்'. முடித்தால் பச்சை, விட்டுப்போனால் சிவப்பு. நிறுத்தங்களுக்கு இடையே நடக்கும் தூரம் குறைவாக வரும்படி வரிசைப்படுத்த ஒரு சின்ன ப்ரோகிராம்கூட எழுதினேன். காலேஜில் படித்த 'டிராவலிங் சேல்ஸ்மேன்' கணக்கு வாழ்க்கையில் முதல்முறை உதவியது என்று மகிழ்ந்தேன். அந்தக் கணக்கில் வருகிற ஆள் சேல்ஸ்மேன், ஊர் சுற்றப் போனவன் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம், ஒன்பதாவது நிறுத்தம். ஊரிலேயே சிறந்தது என்று எல்லாப் பட்டியலும் சொன்ன ஒரு சார் குவே தியாவ் கடை. அரிசி மாவில் செய்த பட்டையான நூடுல்ஸை இறால், சிப்பி, முட்டை, முளைகட்டிய பயறு, சோயா சாஸ் போட்டு, கொதிக்கிற இரும்புச் சட்டியில் வறுத்துத் தருவது. பழைய முறையில் பன்றிக் கொழுப்பில் வறுப்பார்கள். எங்களுக்கு முன்னால் 36 பேர். எண்ணிப் பார்த்தேன், எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஷீட்டில் ஒதுக்கியது 40 நிமிடம்.

அப்பா திண்டுக்கல்லில் 22 வருடம் மெஸ் நடத்தியவர். வரிசையில் நின்றபடி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "டேய், மூணு தட்ட ஒண்ணா போடுறான்டா. கூட்டத்தப் பாத்து பயந்துட்டான்."

எனக்கு முதலில் புரியவில்லை. "அதுனால என்னப்பா? சீக்கிரம் கிடைக்கும்ல?"

"சட்டி ஆறிப்போவும்ல. பொரியாது. வேகும்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்தப் பதார்த்தத்தின் மொத்த சூட்சுமமும் அதில் இருக்கிறது. சார் குவே தியாவை ஒவ்வொரு தட்டாக, பெரிய தீயில், சட்டி புகைகிற சூட்டில் புரட்ட வேண்டும். நூடுல்ஸின் ஓரம் லேசாகக் கருகி ஒரு புகை மணம் ஏறும். அதற்குத்தான் அந்தப் புகழ். ஒரு தட்டுக்கு மூன்று நிமிடம் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 20 தட்டு. அதே சட்டியில் மூன்று பேருக்கானதைக் கொட்டி ஐந்து நிமிடத்தில் இறக்கினால் மணிக்கு 36. வரிசை வேகமாக நகரும். நகர்வது நல்லது என்று நம்மைப் போன்றவர்கள் ரிவ்யூவில் எழுதுவோம். ஆனால் சட்டியின் சூடு இறங்கி, நூடுல்ஸ் தன் ஈரத்திலேயே வெந்து வழவழவென்று வரும்.

எங்களுக்கு வந்ததும் அப்படித்தான் இருந்தது. நான் போட்டோ எடுத்துப் பச்சை போட்டேன். அப்பா பாதி வைத்துவிட்டார்.

அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை. அவர் கடையைச் சீரழித்தது நான். நானும், எனக்கு முன்னால் நின்ற 36 பேரும். எல்லாரிடமும் ஏதோ ஒரு பட்டியல் இருந்தது. ஒருவருக்கு யூட்யூப், ஒருவருக்கு இன்ஸ்டாகிராம், இன்னொருவருக்கு மிஷெலின். அந்த மிஷெலின் கையேடு கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் முதல்முறை வந்தது 2022 டிசம்பரில். அதில் தெருக்கடைகளும் உண்டு. ஒற்றை ஆள், ஒற்றைச் சட்டி, ஒற்றை அடுப்பு. உலகம் முழுக்க உள்ளவர்களை அந்த அடுப்பை நோக்கித் திருப்பிவிட்டால் அவர் என்ன செய்வார்? சாஃப்ட்வேரில் கூட்டம் கூடினால் இன்னொரு சர்வர் சேர்ப்போம். கைக்கு இன்னொரு கையை எங்கே போய்ச் சேர்ப்பது? எதைப் பட்டியல் சிறந்தது என்று சொன்னதோ அதைப் பட்டியலே அழிக்கிறது. பட்டியலில் அதன் மதிப்பெண் மட்டும் இறங்குவதில்லை. ஏன் இறங்கவில்லை என்பதை அன்று ராத்திரி அறையில் அப்பாதான் விளக்கினார்.

"நம்ம மெஸ்ஸுல சாம்பார்ல கொஞ்சம் தண்ணி கூடுனா, பேங்க்ல வேல பாத்த ஒருத்தர், 'என்ன, இன்னிக்கு ஒடம்பு சரியில்லையா'ன்னு கேப்பாரு. அப்புடியே சுருக்குன்னு இருக்கும். தினம் வர்றவன்தான்டா ருசியக் காப்பாத்துவான். ஒருதடவ வர்றவனுக்கு எது நல்லா இருந்துச்சு, எது கெட்டுப்போச்சுன்னு எப்புடித் தெரியும்?"

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். ஒரு கடையின் ருசிக்குக் காவல் அங்கே தினமும் சாப்பிடுகிறவன். நேற்றைய ருசி அவன் நாக்கில் இருக்கிறது. பட்டியலோடு வருகிறவனுக்கு ஒப்பிட எதுவும் இல்லை. சாப்பிடும் முன்பே 4.6 என்று முடிவு செய்துகொண்டு வருகிறான். நன்றாக இல்லாவிட்டால் தன் நாக்கில்தான் கோளாறு என்று நினைத்து ஐந்து ஸ்டார் போடுகிறான். நான் போட்டேன். வழவழ நூடுல்ஸுக்கு ஐந்து ஸ்டார். அப்பா பாதி வைத்த தட்டு எந்த ரிவ்யூவிலும் இல்லை.

சரி, அந்தத் தினமும் சாப்பிடுகிறவர்கள் எங்கே போனார்கள்? ஜார்ஜ் டவுனில் இது வெறும் சாப்பாட்டுக் கேள்வி இல்லை. அந்தப் பழைய கடைவீடுகளில் கீழே தொழிலும் மேலே குடும்பமுமாக, கட்டுப்படுத்தப்பட்ட குறைந்த வாடகையில் ஜனங்கள் இருந்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் ரத்து செய்தார்கள். 2000 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்ததும் வாடகை ஏறி, ஏராளமான குடும்பங்கள் நகர மையத்தைவிட்டு வெளியேறின. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜகாரெவிச் அர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு குழந்தைகளை வரைந்தார், நிஜ சைக்கிளையே சுவரில் பொருத்தி. இன்று அந்தச் சைக்கிளுக்கு வரிசை. நானும் நின்றேன், நிறுத்தம் எண் 4, பத்து நிமிடம். பழைய வீடுகள் பல ஹோட்டலும் கஃபேயும் ஆகிவிட்டன. எல்லாம் என் எக்செல்லால் நடந்தது என்று சொன்னால் அது தற்பெருமை. ஆனால் தினமும் வருகிறவன் காலி செய்த நாற்காலியில் போய் உட்காருகிறவன் நான்தான். அதையாவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒருவர் குறுக்கே வருவார். "நல்லா பேசுறீங்க ப்ரோ. எனக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு டிரிப். நாலு நாள் லீவு. சுமாரான கடையில சாப்பிட்டு அத வீணாக்கணுமா?" இது நியாயமான கேள்வி. இந்தப் பயத்தில்தான் நானும் அந்த ஷீட்டைக் கட்டினேன். அதனால் நான்கு நாளில் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். 27-இல் 23 முடித்தேன். 85 சதவீதம். ஸ்பிரிண்ட் முடிவில் மேனேஜர் கேட்டால் சொல்வதுபோல எனக்கு அந்த எண் மனப்பாடம். முதல் நாள் ராத்திரி அப்பா, "இன்னிக்கு சாப்பிட்டதுல உனக்கு எதுடா பிடிச்சுது?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் போனை எடுத்துப் பார்த்தேன். எட்டு இடத்தில் சாப்பிட்டும் பார்த்தும் முடித்தவனுக்கு ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை. ஆபீஸைவிட்டு நான்கு நாள் தப்பிக்கப் போனவன், டிக்கெட்டை மூடுகிற வேலையை மட்டும் பத்திரமாகக் கூடவே கொண்டுபோயிருக்கிறேன். சுமாரான கடை என் லீவை வீணாக்கவில்லை.

எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'திட்டமே போடாதே, கால் போன போக்கில் போ, தொலைந்து போ' என்பவர்கள். இவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம். இருபத்து மூன்று வயதில், தனியாக, எதையும் சாப்பிடுகிற வயிறோடு போகிறவனுக்குத் தொலைந்து போவது அழகு. சர்க்கரை மாத்திரை போடுகிற, முழங்கால் வலிக்கிற, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் தலை சுற்றுகிற அறுபத்தெட்டு வயது மனிதரோடு போய்த் தொலைந்து பாருங்கள். திட்டம் வேண்டும். எதைத் திட்டமிடுகிறோம் என்பதில்தான் என் சண்டை.

நான் திட்டமிட்டதெல்லாம் என் நேரத்தை. சமைக்கிறவர்களின் நேரம் என்ற ஒன்று இருப்பதே ஷீட்டில் இல்லை. காலைச் சந்தையை ஒட்டி நடக்கிற கடை மதியத்துக்குள் மூடிவிடும். சாயங்காலம்தான் தெருவுக்கு வரும் வண்டிகள் உண்டு. தீர்ந்துவிட்டால் தீர்ந்தது. விட்டுப்போன நான்கு நிறுத்தமும் இப்படித்தான் சிவப்பானது. அசாம் லக்சாவுக்கு ஷீட்டில் எழுதியிருந்தது 'புளிப்பு மீன் சூப், 25 நிமிடம்'. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கொடம்புளி ஜாதிடா, நம்ம புளி மட்டும் இல்ல" என்றார். பிறகு தேடிப் பார்த்தேன். அசாம் கெப்பிங் என்று காயவைத்துப் போடுகிற அந்தப் புளித்துண்டு கொடம்புளியின் இனம்தான். மீனும் நம் கானாங்கெளுத்தி வகைதான். மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தவனுக்குத் தெரியாதது.

நாசி கண்டாரும் அப்படியே. கண்டார் என்பது தோளில் சுமக்கும் தடி. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு என்று தமிழ் முஸ்லிம்கள் காவடிபோலச் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சோறு அது. அவர்களில் வணிகர்களாக இருந்தவர்கள் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதே வட்டாரத்தில், நடக்கிற தூரத்தில் இருக்கிறது. என் ஷீட்டில் சோறு நிறுத்தம் 6, பள்ளிவாசல் நிறுத்தம் 14, 'போட்டோ'. இரண்டும் ஒரே கதை என்பது தூரத்தைக் குறைக்கிற ப்ரோகிராமுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் காலை அப்பா வர மறுத்துவிட்டார். "நீ போய் உன் லிஸ்ட முடிச்சுட்டு வா" என்றார். கோபமில்லை, அசதி. நான் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் போனேன். ஆறு நிறுத்தம் தனியாக முடித்துவிட்டு மதியம் வந்து பார்த்தால், ஹோட்டலுக்கு எதிர்ச்சந்தில் இருந்த ஒரு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்திருக்கிறார். என் ஷீட்டில் இல்லாத கடை. பரிமாறுகிறவர் ராமநாதபுரம் பக்கம். காலையில் அங்கே சாப்பிட்டுவிட்டு மதியமும் அங்கேயே போயிருக்கிறார். ராத்திரி என்னையும் கூட்டிப்போனார். மூன்றாவது தடவை. உட்கார்ந்ததும் அந்த மனிதர் கேட்காமலே, "அய்யாவுக்குக் கொழம்பு கம்மி, வெண்டைக்காய் தனியா, தெரியும்" என்றார். பிறகு தயங்கி, "மதியம் மீன் கொழம்புல உப்பு தூக்கலுன்னு சொன்னீங்கள்ல. இப்பப் பாருங்க" என்றார்.

ஒரே நாளில் அப்பா அந்தக் கடைக்குத் தினம் வருகிறவர் ஆகிவிட்டார். 23 கடையில் என் பெயரோ என் நாக்கோ யாருக்கும் தேவைப்படவில்லை.

அதனால் இனி பினாங்கோ பாங்காக்கோ ஒசாகாவோ, எங்கே போவதானாலும் நான் போடுகிற திட்டம் இதுதான். ஒரு நாளைக்கு இரண்டு இடம். தங்குகிற இடத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற ஒரு கடை. அதில் குறைந்தது மூன்று வேளை. போவதற்கு முன் ஒரே ஒரு பதார்த்தத்தைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்வது. வரிசை பெரிதாக இருந்தால் நிற்காமல் அடுத்த கடை. நிற்காவிட்டால் அந்தச் சமையல்காரருக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். இதற்கு எக்செல் தேவையில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு மெசேஜ். "ப்ரோ, ஷீட்?" அப்பாவின் நம்பரை அனுப்பி வைத்தேன். நாலு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், மதியம் தூங்குவார்.