விருந்தாளியா? கைதியா?

ஒரே நிலத்தை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றால் என்ன ஆகும்? வழக்கு வரும். முதலில் பத்திரம் முடித்தவருக்கே நிலம் என்று கோர்ட்டு சொல்லும். பின்னால் எழுதிய பத்திரம் செல்லாது.

நாடுகளும் சில சமயம் இப்படி இரண்டு பத்திரம் எழுதி விடுகின்றன. 2015-ம் ஆண்டில் தென் ஆப்பிரிக்கா அப்படித்தான் மாட்டிக்கொண்டது.

முதல் கையெழுத்து

இனப் படுகொலை, போர்க் குற்றம் போன்ற கொடுமைகளை விசாரிக்க ஒரு சர்வதேச கிரிமினல் கோர்ட்டு இருக்கிறது. நெதர்லாந்து நாட்டில், ஹேக் நகரில் அது உள்ளது. 1998-ல் ரோம் நகரில் உருவான ஒப்பந்தப்படி அமைந்த கோர்ட்டு இது.

குற்றம் செய்தவர் ஜனாதிபதியானாலும் விலக்கு இல்லை என்று அந்த ஒப்பந்தத்தின் 27-வது பிரிவு கூறுகிறது. கோர்ட்டு தேடும் ஆள் தன் மண்ணில் கால் வைத்தால், அவரைப் பிடித்து ஒப்படைப்பது ஒப்பந்த நாட்டின் கடமை. தென் ஆப்பிரிக்கா இதில் கையெழுத்துப் போட்டது. 2002-ல் அதற்காகத் தன் நாட்டில் தனிச் சட்டமும் செய்தது.

இரண்டாவது கையெழுத்து

சூடான் நாட்டில் டார்பர் என்று ஒரு பகுதி. அங்கே 2003-ல் சண்டை மூண்டது. கிராமங்கள் எரிந்தன. சுமார் 3 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. கணக்கிட்டது. அப்போது சூடான் ஜனாதிபதியாக இருந்தவர் உமர் அல் பஷீர். அவர்மீது 2009-லும் 2010-லும் சர்வதேச கோர்ட்டு பிடிவாரண்டு பிறப்பித்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார்.

2015 ஜூன் மாதம் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஆப்பிரிக்க நாடுகளின் மாநாடு நடந்தது. மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று தென் ஆப்பிரிக்க அரசு ஒப்பந்தம் செய்தது. அந்தத் தைரியத்தில் பஷீர் வந்து இறங்கினார்!

சிலர் உடனே கோர்ட்டுக்குப் போனார்கள். பஷீர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று ஜூன் 14-ந் தேதி கோர்ட்டு தடை போட்டது. மறுநாள், அவரைக் கைது செய்யும்படி உத்தரவிட்டது. ஆனால் அதற்குள் ராணுவ விமான தளத்தில் இருந்து பஷீரின் விமானம் பறந்து விட்டது!

எது பெரியது?

ரோம் ஒப்பந்தத்தில் 98-வது பிரிவு என்றும் ஒன்று உண்டு. பிற நாட்டுத் தலைவர்களுக்குச் சர்வதேசச் சட்டப்படி உள்ள பாதுகாப்பை மீறும்படி எந்த நாட்டையும் கோர்ட்டு கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். தென் ஆப்பிரிக்க அரசு இதைத்தான் காட்டியது.

அந்த வாதம் எடுபடவில்லை. அரசு செய்தது சட்ட விரோதம் என்று 2016-ல் அந்நாட்டு அப்பீல் கோர்ட்டு கூறியது. தென் ஆப்பிரிக்கா கடமை தவறியது என்று 2017-ல் சர்வதேச கோர்ட்டும் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு சரியே என்பது என் கருத்து. கொலையுண்டவர்களின் குடும்பங்களுக்கு உலகம் கொடுத்த வாக்கை, ஒரு மாநாட்டுக்காக எழுதிய காகிதம் அழிக்கக் கூடாது.

"தலைவர்களைப் பிடித்தால் சமாதானப் பேச்சு எப்படி நடக்கும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை 2023-ல் கிடைத்தது. ரஷிய ஜனாதிபதி புதின் மீது அந்த ஆண்டு மார்ச் மாதம் பிடிவாரண்டு வந்தது. ஆகஸ்டில் அதே ஜோகன்னஸ்பர்க்கில் பிரிக்ஸ் நாடுகளின் மாநாடு. புதின் நேரில் வரவில்லை. வெளிநாட்டு மந்திரியை அனுப்பினார். வீடியோ மூலம் பேசினார். மாநாடு நின்றா போயிற்று?

வழி இருக்கிறது. புதிய ஒப்பந்தம் எழுதும்போதே, "பழைய ஒப்பந்தத்துக்கு இது கட்டுப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வரப்போகும் விருந்தாளிக்கும் அது முன்கூட்டியே தெரிந்து விடும்.

விருந்தாளியை மதிப்பது நல்ல பண்புதான். ஆனால், வீடு எரிந்து நடுத்தெருவில் நிற்பவருக்குக் கொடுத்த வாக்கு அதைவிடப் பெரியது!