குறி பிசகுவது யாருடைய பொறுப்பு?

வேட்டை இலக்கியம் குறித்து நம் கல்விப்புலத்தில் எழுதப்படும் கட்டுரைகளில் ‘பார்வை’ என்னும் சொல் ஓயாது ஒலிக்கிறது. காலனியப் பார்வை, ஆணாதிக்கப் பார்வை, வெற்றியாளரின் பார்வை என அடைமொழிகள் மட்டும் மாறுகின்றன. துப்பாக்கி ஏந்தியவர் விலங்கை எதன் வழியாகப் பார்த்தார், அக்கருவி அவருக்கு எதைக் காட்டியது, எதை மறைத்தது என்னும் கேள்வியை எழுப்பும் கட்டுரைகளோ மிக அரியவை. துப்பாக்கி நமக்கு ஒரு குறியீடாகிவிட்டது. அது குழலும் கட்டையும் குறிகளும் கொண்ட ஒரு பொருள் என்பதை மறந்தோம். இம்மறதி ஆய்வைப் பழுதாக்குகிறது என்பதே என் குற்றச்சாட்டு. அதை நிறுவ, பெருந்துளை லீவர் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் குறிகளைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலை எடுத்துக்கொள்கிறேன். சிறிய பொருள்தான், ஆயின் அதில் உயிர்கள் அடங்கியுள்ளன.

எத்தனை உயிர்கள் என்பதற்குக் குமாவோன் சான்று. 1907இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் குமாவோனிலும் 400-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாகவும் கீழ்க் கோரைப்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம் என்றும், இயல்பான இரையைக் கொல்ல இயலாமற் போனதாலேயே அது மனிதரைத் தேடியது என்றும் கார்பெட் எழுதினார். முன்பு எவரோ ஒருவர் சுட்ட குண்டு சில அங்குலம் பிசகியது. சுட்டவரின் பெயர் வரலாற்றில் இல்லை. பிசகின் விலையைக் கொடுத்த ஊர்கள் இருக்கின்றன. குறி பார்த்தல் என்பதைக் கோட்பாட்டு உருவகமாக மட்டும் கையாளும் நண்பர்கள் இந்த உடைந்த பற்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி, எடுத்துக்கொண்ட கருவிக்கு வருவோம். விசையைச் சூழ்ந்த நெம்புவளையத்தைக் கீழே தள்ளி மீண்டும் இழுத்தால், வெற்றுத் தோட்டா வெளியேறிப் புதியது குழலில் ஏறும். இதுவே லீவர் ஆக்‌ஷன். இவ்வகையில் பெருந்துளைத் துப்பாக்கிகளின் தாயகம் அமெரிக்கா. 1873இல் அந்நாட்டு இராணுவம் ஏற்றுக்கொண்ட .45-70 தோட்டாவுக்காக ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1886 பெரும்புகழ் பெற்றது. அவரே வடிவமைத்த வின்செஸ்டர் 1895இன் .405 வகையைத் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். அதே .405 வின்செஸ்டரைத் தோளில் சுமந்துதான் பெங்களூரின் கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரி, ஏலகிரி, சீகூர் எனத் தென்னிந்தியக் காடுகளில் அலைந்தார். 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் அக்காலத்தை முடித்துவைத்தது. அதே 1972இல்தான் அமெரிக்காவின் மார்லின் நிறுவனம் .45-70 தோட்டாவுக்கான லீவர் துப்பாக்கியை 1895 என்னும் பழைய பெயரிலேயே மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. அங்கு இன்றும் அத்துப்பாக்கியோடு மானும் கரடியும் காட்டுப்பன்றியும் வேட்டையாடப்படுகின்றன. ஆகவே குறியைப் பற்றிய வாதமும் அங்கே உயிரோடிருக்கிறது.

அவ்வாதத்தில் இரண்டு கட்சிகள் உள்ளன. இரண்டுமே தவறு என்பது என் நிலைப்பாடு.

முதற்கட்சி பழைமைவாதிகளுடையது. லீவர் துப்பாக்கிக்குப் ‘பக்ஹார்ன்’ எனப்படும் மான்கொம்பு வடிவப் பின்குறியே அழகு, அதுவே மரபு என்பர். குழலின்மேல் பொருத்தப்பட்ட ஒரு பள்ளம், இருபுறமும் வளைந்தெழும் கொம்புகள், குழல்முனையில் ஒரு மணி: இவ்வளவுதான் அதன் அமைப்பு. இதன் குறை கண்ணின் அமைப்பிலேயே வெளிப்படுகிறது. பின்குறி, முன்குறி, விலங்கு ஆகிய மூன்றும் மூன்று தொலைவுகளில் இருக்கின்றன. கண்ணின் வில்லையால் ஒரு நேரத்தில் ஒன்றையே தெளிவாகக் காண முடியும். நாற்பது வயதைக் கடந்தவருக்குப் பின்குறியின் பள்ளம் மங்கிய நிழலாகிவிடுகிறது. கொம்புகளோ விலங்கின் உடலில் பெரும்பகுதியை மறைக்கின்றன. அவசரத்தில் மணியைப் பள்ளத்தின் அடிவரை இறக்காமல் சுடுபவரின் குண்டு மேலே போகிறது. பளபளக்கும் உருண்டை மணியின் வலப்பக்கத்தில் வெயில் விழுந்தால், ஒளிரும் அப்பக்கத்தையே மணியின் நடுவென்று கண் கொள்கிறது. குண்டு இடப்பக்கம் விலகுகிறது.

கணக்கையும் பார்த்துவிடலாம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 50 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். குறிகளின் நேர்மையில் 1 மி.மீ. பிழை நேர்ந்தால் 100 மீட்டரில் குண்டு 20 செ.மீ. விலகும். பின்குறியைக் குழலிலிருந்து எடுத்து, தோட்டா இயங்கும் பெட்டியாகிய ரிசீவரின் மேல் பொருத்தி இடைவெளியை 70 செ.மீ. ஆக்கினால் அதே பிழை ஏறத்தாழ 14 செ.மீ. ஆகக் குறைகிறது. மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவே. அதன் நடுவைக் குறிவைத்தவருக்கு 14 செ.மீ. பிழை விளிம்பை ஒட்டியது, 20 செ.மீ. பிழையோ வயிற்றிலோ காலிலோ பாயும் குண்டு. அவ்விலங்கு உடனே சாவதில்லை. புதருக்குள் ஓடி நாட்கணக்கில் சாகிறது.

ரிசீவரின்மேல் துளைக்குறியைப் பொருத்துவதே இதற்கு மாற்று. கண்ணுக்கு அருகில் உள்ள ஒரு வளையத்தின் வழியாக முன்குறியைப் பார்க்கிறோம். வளையத்தை நாம் உற்றுநோக்க வேண்டியதில்லை. முன்குறியைத் துளையின் நடுவில் நிறுத்தும் வேலையைக் கண் தானே செய்துகொள்கிறது. மூன்று பொருள்களின் சிக்கல் இரண்டாகக் குறைகிறது. துளை சிறிதாயின் தெளிவு கூடும், ஒளி குறையும். பெரிதாயின் அந்திப்பொழுதிலும் பயன்படும். மெல்லிய விளிம்பும் பெரிய துளையும் கொண்ட வகையைத்தான் ‘கோஸ்ட் ரிங்’ என்கிறார்கள். நோக்கும்போது விளிம்பு ஆவிபோல் மறைந்துவிடும்.

“இது மரபைக் கெடுக்கும் புதுமை” என்று பழைமைவாதிகள் சொல்லும்போதுதான் வரலாற்று மாணவருக்குக் கோபம் வர வேண்டும். வில்லியம் லைமன் தம் துளைக்குறிக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1879. வின்செஸ்டர் 1886 பிறப்பதற்கு ஏழாண்டுகள் முன்பே அது இருந்தது. ஆக, இவர்கள் காக்க முற்படும் மரபு உண்மையான 19ஆம் நூற்றாண்டுக்கு உரியதன்று. திரைப்படங்கள் கற்பித்த 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது. தோற்றத்தின் பொருட்டு ஒரு விலங்கைக் காயப்படுத்தும் உரிமையை எந்த மரபும் எவருக்கும் தரவில்லை.

இரண்டாவது கட்சி கருவிமோகத்தினுடையது. நீண்ட தண்டவாளம் ஒன்றைத் துப்பாக்கியின் முதுகில் திருகி, அதன்மேல் பெரிய ஸ்கோப்பை ஏற்றினால் குறை தீர்ந்தது என்பர். .45-70இன் பழைய 405 கிரெயின் தோட்டாவில் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,330 அடி வேகத்தில் கிளம்புகிறது. 100 கெஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியில் அது 200 கெஜத்தில் ஏறக்குறைய 2 அடி தாழ்ந்துவிடும். அருகில் சுடுவதற்கென்று அமைந்த துப்பாக்கிக்குத் தொலைவைக் காட்டும் கருவியைப் பூட்டுவது, சுடக்கூடாத தொலைவில் சுடத் தூண்டுவதாகும். மேலும் இத்துப்பாக்கிகளின் கட்டை தாழ்ந்த குறிகளுக்கென்று செதுக்கப்பட்டது. உயரமான ஸ்கோப்பை நோக்கினால் கன்னம் கட்டையைவிட்டு எழுகிறது, பிடி தளர்கிறது. கண்ணுக்கும் வில்லைக்கும் போதிய இடைவெளி இல்லாவிட்டால், கடும் பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். திறந்த குதிரையை விரலால் இழுக்க இடமின்றிப் பக்கவாட்டு நீட்டிப்பு ஒன்றையும் திருக வேண்டியிருக்கும். வெற்றுத் தோட்டாவை மேல்நோக்கி எறியும் வின்செஸ்டர் 1895இல் ரிசீவருக்கு நேர்மேலே ஸ்கோப்பை வைப்பது வழியை அடைப்பதாகும். பக்கவாட்டில் எறியும் மார்லினில்தான் அது இயலும்.

ஸ்கோப்பே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கண் மங்கியவருக்கும் அந்தியில் சுடுபவருக்கும், பெருக்கம் குறைந்த சிறிய ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்துவதே நேர்மையான தேர்வு. தேர்வின் அளவுகோல் எது என்பதே வினா. தம் கண், தம் தோள், தாம் சுடப்போகும் தொலைவு, அங்குள்ள ஒளி ஆகிய நான்கும் அளவுகோலாக இருந்தால் சரி. நிழற்படத்தில் துப்பாக்கி எப்படித் தோன்றும் என்பது அளவுகோலானால், மான்கொம்புக் குறியும் தண்டவாளமும் ஒரே வெறுமையின் இரு முகங்களே.

குறியை மாற்றியதோடு பொறுப்பு முடிவதுமில்லை. பின்குறி உயர்ந்தால் முன்குறியும் உயர வேண்டும். 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தாழ்ந்து பட்டால், 70 செ.மீ. இடைவெளியுள்ள துப்பாக்கியில் முன்குறியை 0.7 மி.மீ. மட்டுமே அராவ வேண்டும்; அதிகம் அராவினால் திரும்ப ஒட்ட முடியாது. பின்னுதைப்பு திருகுகளைத் தளர்த்தும். அவற்றைச் சரிபார்க்க வேண்டும். மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுட்டால் போதாது. நின்றும் மண்டியிட்டும் தாளில் சுட்டு, எத்தொலைவுவரை எல்லாக் குண்டுகளும் தட்டளவு வட்டத்துள் விழுகின்றன என்று காண வேண்டும். அத்தொலைவே அவரது எல்லை. அதற்கு அப்பால் நிற்கும் விலங்கு, எவ்வளவு பெரிய கொம்புடையதாயினும், அவருக்கு உரியதன்று.

இதற்கும் இலக்கிய ஆய்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போருக்கு ஒரு சான்று தருகிறேன். கார்பெட், ஆண்டர்சன் கதைகளில் வேட்டைக்காரர் இரையின் அருகே, மரத்தின்மேல், இருளில், மிகக் குறுகிய தொலைவில் இரவெல்லாம் அசையாது காத்திருக்கிறார். இதை ஆண்மையின் நாடகம் என்று வாசிப்பது நம் வழக்கம். ஆனால் இருளில் இரும்புக் குறி தெரியாது. தெரியாத குறியோடு தொலைவில் சுட முடியாது. ஆகையால் நெருக்கம் தேவையாயிற்று. டார்ச் விளக்கைத் துப்பாக்கிக் குழலோடு பிணைக்கும் வழக்கம் வந்தது. 1926 மே மாதத்தில் ருத்ரபிரயாகைச் சிறுத்தையைக் கார்பெட் வீழ்த்திய இரவில், துப்பாக்கியில் பொருத்திய டார்ச் சற்றே ஒளிர்ந்து அணைந்தது. அவ்வொளியில்தான் குறி தெரிந்தது. அவர் கையிலிருந்தது லீவர் துப்பாக்கியன்று, ரிக்பி .275. எனினும் குறியின் எல்லை எல்லாத் துப்பாக்கிக்கும் பொது. அக்கதைகளின் வடிவத்தை, காத்திருப்பை, ஒரே குண்டில் முடியும் உச்சத்தை, ஆசிரியரின் ஆணவத்தோடு ஒரு சிறு முன்குறியின் இயலாமையும் சேர்ந்தே தீர்மானித்தது. கருவியை அறியாத வாசிப்பு இதில் பாதியைத் தவறவிடுகிறது.

வேட்டையே கூடாது என்போர், நல்ல குறியைப் பற்றிப் பேசுவது கொலைக்கு மெருகூட்டுவதாகும் என்பர். அவ்வறத்தை நான் மதிக்கிறேன். இந்தியாவில் சட்டமும் பெரிதும் அதன் பக்கமே நிற்கிறது. எனினும், வேட்டை சட்டப்படி நடக்கும் நாட்டில், நம் வெறுப்பு ஒரு மானின் வலியையும் குறைக்கப்போவதில்லை. நேராகப் பொருத்திய துளைக்குறி குறைக்கும்.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்தமுறை வேட்டைக்காரரின் ‘பார்வை’ என்று எழுதுமுன், அவருடைய பின்குறி குழல்மேல் இருந்ததா ரிசீவர்மேல் இருந்ததா என்று தேடுங்கள். அருங்காட்சியகத்துத் துப்பாக்கிகளையும் பழைய விலைப்பட்டியல்களையும் பாருங்கள். நூலின் ஓரத்தில் வரும் ஒரு சொல்லிலும் விடை இருக்கலாம். அதைத் தேடாமல் எழுதப்படும் கோட்பாடு, குறி பாராமல் சுடப்படும் குண்டைப்போல் எங்கோ போய் விழும்.