கணக்கில் நம் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்!

ஈசூன் வாழ் தமிழ்ப் பெற்றோர்களே,

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "தமிழ் பரவாயில்லை, அறிவியலும் பரவாயில்லை. கணக்குதான் உதைக்கிறது." செப்டம்பர் கடைசியில் பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வு தொடங்கிவிடும். அப்பாவுக்கு இரவு ஷிப்ட், அம்மாவுக்குத் துப்புரவு வேலை. பயிற்சிப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்து, "அறைக்குள் போய்ப் படி" என்கிறோம். அதற்கு மேல் என்ன செய்வது என்று நமக்குத் தெரிவதில்லை.

வசதி உள்ளவர்கள் துணைப்பாடத்துக்கு அனுப்புகிறார்கள். 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவு ஆய்வின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவழித்த தொகை ஓராண்டில் 180 கோடி வெள்ளி! அந்தப் போட்டியில் நாம் பணத்தைக் கொண்டு ஓட முடியாது. ஆனால் பணம் கேட்காத ஒரு வழி நம் புளோக்கின் கீழேயே இருக்கிறது. பிள்ளைகள் கூடி உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அது.

"கூடினால் அரட்டைதான் அடிப்பார்கள்" என்கிறீர்களா? ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஒரு பையன் தன் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கைச் செலவழித்தான். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தங்கைக்குக் கொடுத்தான். இப்போது கையில் 24 வெள்ளி இருக்கிறது. முதலில் எவ்வளவு வைத்திருந்தான்?

பள்ளியில் சொல்லிக் கொடுக்கும் மாடல் முறைப்படி ஐந்து கட்டங்கள் வரைய வேண்டும். இரண்டு கட்டம் செலவு. மிச்சம் மூன்று கட்டம். அதில் ஒன்று தங்கைக்கு. கடைசியில் நிற்கும் இரண்டு கட்டம் 24 வெள்ளி. அப்படியானால் ஒரு கட்டம் 12, ஐந்து கட்டம் 60. விடை 60 வெள்ளி.

அவசரத்தில் படிக்கும் பிள்ளை "மிச்சத்தில்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். அப்போதும் விடை வரும்: 90 வெள்ளி. பின்னம் கூட இல்லாத அழகான முழு எண்! அறையில் தனியாக இருக்கும் பிள்ளை சந்தோஷமாக அடுத்த கணக்குக்குப் போய்விடும். பிழை அதன் கண்ணில் படவே படாது.

அதே கணக்கை நான்கு பிள்ளைகள் ஒரு மேசையில் செய்தால் என்ன நடக்கும்? ஒருத்திக்கு 60, ஒருவனுக்கு 90. "எப்படி வந்தது, காட்டு" என்று சண்டை வரும். கேள்வியை மறுபடி படிப்பார்கள். ஆங்கிலத்தில் "ரிமெயிண்டர்" என்று இருக்கும் அந்த ஒரு சொல்லில் விரல் நிற்கும். "அது மொத்தம் இல்லடா, மிச்சம்!" என்று ஒரு பிள்ளை தமிழில் சொல்லும். அந்தப் பிழையை அவன் எளிதில் மறக்க மாட்டான். சொல்லிக் கொடுத்தவளுக்கும் பாடம் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

நாம் படித்த முறை வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். மாடல் முறை சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களில்தான் வந்தது. தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ படித்த அப்பா 'எக்ஸ்' போட்டு விளக்கினால் பிள்ளை குழம்பக்கூடும். போன வருடம் பிஎஸ்எல்இ எழுதிய எதிர்வீட்டு அக்காவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

இந்தச் செய்தி நமக்கு மட்டும் உரியதன்று. 1970களின் கடைசியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் கணிதத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டபோது, ஆசிரியர்கள் வறுமை என்றார்கள், ஆர்வமில்லை என்றார்கள், குடும்பம் சரியில்லை என்றார்கள். யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் அந்தப் பேச்சை அப்படியே நம்பவில்லை. கறுப்பின மாணவர்கள் இருபது பேரையும் சீன மாணவர்கள் இருபது பேரையும் பின்தொடர்ந்து, எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. சீன மாணவர்கள் மாலையில் கூடி, ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தினார்கள். பிறகு அவர் கறுப்பின மாணவர்களையும் குழுவாக உட்கார வைத்தார். சுலபமான கணக்கைக் கொடுத்து இரக்கம் காட்டவில்லை, கடினமான கணக்குகளையே கொடுத்தார். தோல்விகள் வெகுவாகக் குறைந்தன.

"அவர்களுக்குக் கணக்கு வராது" என்ற பேச்சை நம் இனமும் கேட்டிருக்கிறது. கல்வி அமைச்சு வெளியிட்ட இனவாரியான பிஎஸ்எல்இ விவரங்களில், கணிதத் தேர்ச்சியில் இந்திய மாணவர்கள் சீன மாணவர்களுக்குப் பின்னால் இருந்தார்கள். 1991ல் சிண்டா தொடங்கப்பட்டதற்கே பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலைதான் காரணம். ஆனால் இதை ரத்தத்தில் வந்த குறையாக எடுத்துக்கொண்டு தலைகுனிய வேண்டாம். 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் நம் குடும்பங்கள் புளோக்குக்குப் புளோக் சிதறி வாழ்கின்றன. ஒரு மாடியில் தமிழ்ப் பிள்ளை ஒன்றே ஒன்றாக இருக்கலாம். கூட்டம் தானாகச் சேராது. நாம்தான் சேர்க்க வேண்டும்.

எப்படி? நான்கைந்து பிள்ளைகள், வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம். புளோக் கீழ்த்தளக் கல்மேசை, வசிப்போர் குழு அறை, நார்த்பாயிண்ட்டில் உள்ள ஈசூன் நூலகம், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. நூலகத்தில் மட்டும் குரல் தாழ்ந்திருக்கட்டும். முதல் அரைமணி நேரம் அவரவர் தனியாகச் செய்யட்டும். பிறகு விடைகளை ஒப்பிடட்டும். சரியாகச் செய்தவர் நோட்டைக் காட்டக் கூடாது, வாயால் விளக்க வேண்டும். தவறியவர் மறுபடி தானே செய்ய வேண்டும். யாருக்கும் வராத கணக்கைக் குறித்து வைத்துத் திங்கட்கிழமை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் வந்தால் இன்னும் நல்லது. பெற்றோருக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. முறை வைத்து ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, மைலோ கலந்து கொடுத்தால் போதும். "அவளைப் பார், உன்னைப் பார்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரு கணக்குக்காக இவ்வளவா என்று கேட்காதீர்கள். இன்றைய முறையில் 65 மதிப்பெண் எடுத்தால் ஏ.எல். 5. மொத்தப் புள்ளிகள் எப்படி இருந்தாலும், கணிதத்தில் ஏ.எல். 5 வாங்கிய பிள்ளை உயர்நிலை ஒன்றில் அந்தப் பாடத்தை ஜி3 நிலையில் படிக்கலாம். 64 எடுத்தால் ஏ.எல். 6. அந்த வாசல் அப்போது திறக்காது. 60க்குப் பதில் 90 என்று எழுதிய ஒரே கணக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைத் தின்றுவிடலாம்.

கடைசியாக, உரிமையைப் பற்றி. பிள்ளைகள் தமக்குள் உதவிக்கொள்வதால் பள்ளியின் கடமை குறைந்துவிடாது. அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நிறுத்தப்பட்டுவிட்டன. அதனால் பிள்ளை பின்தங்குவது நமக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் ஆசிரியரைப் பாருங்கள். "எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான்? கூடுதல் வகுப்பு உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்காதீர்கள். பேசத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

சிண்டாவுக்கு நம் சம்பளத்திலிருந்து மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை போகிறது. பெட்டி ரோட்டில் உள்ள அதன் அலுவலகத்தில் துணைப்பாட வகுப்பைப் பற்றி விசாரிப்பது பிச்சை கேட்பதாகாது. அது நாம் போட்ட பணம்.

இந்த வாரமே உங்கள் புளோக்கில் தொடக்கநிலை ஆறு படிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று கேளுங்கள். இரண்டு பேர் கிடைத்தாலே தொடங்கிவிடலாம்.