பவுலின் நிருபமும் பருத்தி முதலாளியும்

அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்திலே ஒரு வட்டாரத்துக்கு லிபர்ட்டி என்று பெயர். விடுதலை என்பது அதன் பொருள். பெயரைத்தான் சொல்கிறேன், அங்கே நெல்லும் பருத்தியும் விளைத்துக் கொடுத்தவர்கள் அடிமைகள். 1830-களில் ஒருநாள், அந்த அடிமைகளின் பெருங்கூட்டத்துக்கு முன்னே நின்று, சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் என்னும் பாதிரியார் பிரசங்கம் செய்தார். பிரெஸ்பிட்டேரியன் சபையினர், தாமும் அடிமைகளை உடையவர். அன்று அவர் எடுத்துக்கொண்டது, பிலேமோன் என்பவருக்குப் பவுல் எழுதிய நிருபம். எசமானுக்கு உண்மையாயிரு, ஓடிப்போகாதே, இது பவுலின் வாக்கு என்று அவர் அழுத்திச் சொன்னதும், கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்தார்கள். கூச்சலில்லை, கல்லெறியில்லை. எழுந்தார்கள், நடந்தார்கள், போய்விட்டார்கள். இருந்தவர்களும் இன்முகம் காட்டவில்லை. அப்படியொரு நிருபமே வேதத்தில் கிடையாது என்றனர் சிலர். எசமான்களை மகிழ்விக்கவே நீர் பேசுகிறீர் என்றனர் வேறு சிலர். இனி உமது பிரசங்கமே எமக்கு வேண்டா என்றவர்களும் உண்டு. இதை எழுதி வைத்தவர் பாதிரியாரின் பகைவரல்லர், பாதிரியாரேதான்!

அந்த மக்கள் சொன்னது தவறு. நிருபம் இருக்கிறது. இருபத்தைந்தே வசனங்கள் கொண்ட சிறு கடிதம். சிறையிலிருக்கும் பவுல், ஒநேசிமு என்னும் அடிமையை அவனுடைய எசமானிடம் திருப்பி அனுப்புகிறார். அனுப்பும்போது, இனி இவனை அடிமையாக அன்று, அன்புள்ள சகோதரனாக ஏற்றுக்கொள், இவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்றும் கேட்டுக்கொள்கிறார். திருப்பி அனுப்பினார் என்ற பாதியை ஜோன்ஸ் படித்தார். சகோதரனாக ஏற்றுக்கொள் என்ற பாதி, எழுந்து நடந்தவர்களுக்குப் படித்துக் காட்டப்படாமலே தெரிந்திருந்தது போலும்.

நண்பர்களே! 1830 முதல் 1860 வரை அமெரிக்காவில் அடிமைமுறையைப் பற்றி எழுந்த வாதம், பெரும்பகுதி இத்தகைய வசனப் போர்தான். தென்மாநிலத்துப் பாதிரிமார் கைவசம் படைக்கலம் ஏராளம். ஆபிரகாமுக்கு அடிமைகள் இருந்தனர். அயல் இனத்தாரை விலைக்கு வாங்கி மக்களுக்குச் சொத்தாக விட்டுச்செல்ல லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம் இடம் தருகிறது. அடிமையை எசமான் அடித்து, அவன் ஓரிரு நாள் உயிரோடிருந்தால் எசமானுக்குத் தண்டனை இல்லை என்கிறது யாத்திராகமத்தின் 21-ஆம் அதிகாரம். எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்கள், கீழ்ப்படியுங்கள் என்று அடிமைகளுக்கு உரைக்கின்றன. இவையெல்லாம் வெள்ளை முதலாளி இட்டுக்கட்டியவை அல்ல, ஏட்டிலே உள்ளவை.

விடுதலை கேட்டவர்களும் அதே ஏட்டைப் புரட்டினார்கள். ஆளைத் திருடி விற்பவனுக்கு மரணதண்டனை என்று அதே 21-ஆம் அதிகாரம் விதிக்கிறது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த ஒவ்வொருவரும் திருடப்பட்டவர்களல்லவா என்று கேட்டனர். எசமானிடமிருந்து தப்பி வந்த அடிமையைத் திரும்ப ஒப்புவிக்காதே என்று உபாகமத்தின் 23-ஆம் அதிகாரம் ஐயந்திரிபறச் சொல்கிறது. 1850-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய தப்பியோடிய அடிமைகள் சட்டமோ நேர்மாறாகச் சொன்னது. அடைக்கலம் தந்தவனுக்கு ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு, பிடிபட்டவரை அடிமை என்று தீர்த்தால் பத்து டாலர், விடுதலை செய்தால் ஐந்து டாலர்! அப்போது ஆண்டோவர் இறையியல் கல்லூரியின் பேரறிஞர் மோசஸ் ஸ்டூவர்ட் ஒரு விளக்கம் தந்தார்: உபாகமம் பேசுவது புறச்சமயத்து எசமானிடமிருந்து தப்பி வந்தவனைப் பற்றி; கிறித்தவ எசமானிடமிருந்து தப்பியவனுக்கு அது பொருந்தாது என்று. எபிரேய மொழியில் அவரை மிஞ்ச அந்நாட்டில் ஆளில்லை என்று பெயர் பெற்றவர். புலமை எதற்கெல்லாம் பயன்படுகிறது, பாருங்கள்!

இந்தப் போரிலே நயத்தக்க நாகரிகமும் உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத் தலைவர் பிரான்சிஸ் வேலாந்தும், தென் கரோலினாவின் ரிச்சர்டு புல்லரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1845-இல் நூலாக வந்தன. இருவரும் பாப்டிஸ்ட் சபையார். ஒருவரையொருவர் அன்பான சகோதரர் என விளித்துக்கொண்டு, மானிடரை விற்பது பாவமா அன்றா என வாதாடினர். விற்கப்பட்டவர்களுக்கு அந்த உரையாடலில் இடமில்லை.

காமின் சாபம் என்றொரு கதையும் ஊரெங்கும் உலவிற்று. நோவா தன் மகன் காமைச் சபித்தான், ஆகவே கருநிறத்தார் அடிமைகள் என்பது வாதம். ஆதியாகமத்தின் 9-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். சபிக்கப்பட்டவன் காம் அல்லன். காமின் மகன் கானான். நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இல்லாததைப் படிக்கக் கற்றவர்கள்தாம், எழுத்தறியாதவனைப் பார்த்து, உனக்கு வேதம் தெரியாது என்றார்கள்.

யார் வென்றார் என்று கேட்பீர்கள். வசனத்துக்கு வசனம் எண்ணினால் வெற்றி எவருக்கும் இல்லை; சொல்லுக்குச் சொல் பொருள்கொள்வோம் என்ற போட்டியில் தெற்கத்தியார் கையே பலவிடங்களில் ஓங்கியிருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேறொரு கேள்வி இருக்கிறது. 1784-இல் பால்டிமோரில் கூடிய மெதடிஸ்ட் சபையார், அடிமைகளை விடுவிக்காதவர் சபையில் இருக்கலாகாது என்று விதி செய்தனர். ஆறே மாதத்தில், 1785-இல், அந்த விதி நிறுத்தி வைக்கப்பட்டது. 1818-இல் பிரெஸ்பிட்டேரியன் பொதுச்சபை, அடிமைமுறை மனித உரிமைக்கு இழைக்கும் பெருங்கேடு என்று தீர்மானித்தது. 1845-இலோ, அடிமை எசமானும் சமயத் தொண்டனாகலாம் என்பதற்காகவே தென்பகுதிப் பாப்டிஸ்டுகள் ஆகஸ்டா நகரில் தனிப்பேரவை கண்டனர். இடையில் லேவியராகமத்தில் புதிய வசனம் எதுவும் சேர்ந்ததா? பவுல் இன்னொரு நிருபம் எழுதினாரா? இல்லை. 1793-இல் பருத்தி அரைக்கும் பொறி வந்தது. 1790-இல் ஏறத்தாழ ஏழு இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை, 1860-இல் நாற்பது இலட்சத்தை எட்டிற்று. ஏடு மாறவில்லை, பருத்தியின் வருமானம் மாறிற்று. சங்கடத்தோடு பொறுத்துக்கொண்ட தீமையை, ஆண்டவன் அருளிய நன்மை என்று பிரசங்கிக்கும் துணிவு அதன் பின்னர்தான் பிறந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். வேதம் தங்கள் பக்கம் என்று மார்தட்டியவர்கள், அந்த வேதத்தை அடிமைகள் கையில் கொடுக்க ஏன் நடுங்கினார்கள்? சார்லஸ்டனில் 1822-இல் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வெசி, யாத்திராகமத்தைப் படித்துக் காட்டிவந்தவர். 1831-இல் வர்ஜீனியாவில் கிளர்ந்தெழுந்த நாட் டர்னர், தாமே பிரசங்கியார். அடுத்த ஆண்டே வர்ஜீனியா கருப்பினத்தார் பிரசங்கம் செய்யத் தடை விதித்தது. 1834-இல் தென் கரோலினா, அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதைக் குற்றமாக்கிற்று. சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதிய நாட்டில் வாழும் நமக்கு இதற்கு உரை தேவையில்லை. பூனாவின் ஜோதிராவ் பூலே 1873-இல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கியதும் இந்த ஒற்றுமையைக் கண்டுதான்.

இலண்டனில் 1807-இல் ஒரு வேதாகமம் அச்சாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே தேர்ந்தெடுத்த பகுதிகள். 1,189 அதிகாரங்களில் 232 மட்டும். பத்துக் கட்டளைகள் உண்டு. எகிப்தைவிட்டு அடிமைகள் வெளியேறிய வரலாறு இல்லை. கீழ்ப்படியுங்கள் என்பது உண்டு. கிறிஸ்துவில் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை எனக் கலாத்தியருக்குப் பவுல் எழுதியது இல்லை. கத்தரிக்கோலைக் காட்டிலும் நேர்மையான உரையாசிரியர் உண்டோ!

இதைப் படித்துவிட்டு நம் தோழர்கள் சிலர், பார்த்தீர்களா, வேதமே விலங்கு என்று கைகொட்டக்கூடும். அவ்வளவு எளிதில் முடித்துவிட நான் உடன்படேன். விலங்காக்கத்தக்க வசனம் அங்கே கிடந்தது என்பது மெய்; பேராசை அதைப் பொறுக்கிக்கொண்டது என்பதும் மெய். ஆனால் அதே ஏட்டின் பார்வோன் கதைதான் தோட்டத்துக் குடிசைகளில் நள்ளிரவில் பாடலாயிற்று. பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றின் இறுதியில், கிறிஸ்துவின் சமயம் வேறு, இந்நாட்டின் சமயம் வேறு என்று பிரித்துக் காட்டினார். சவுக்கடி பட்ட முதுகோடு அவர் செய்த அந்தப் பிரிவினையை, அடிபடாத நாம் அறியாமை என்று ஒதுக்குவது அழகன்று.

வாதத்தைத் தீர்த்தது வசனமன்று, பீரங்கி. இருதரப்பாரும் ஒரே வேதத்தைப் படித்து ஒரே கடவுளைத் தொழுகிறார்கள் என்று லிங்கன் 1865-ஆம் ஆண்டு மார்ச் 4-இல் நொந்து சொன்னபோது போர் முடியும் தறுவாயில் இருந்தது. ஆகஸ்டாவில் பிறந்த பேரவை, தன் பிறப்பில் அடிமைமுறைக்கிருந்த பங்கை ஒப்பி, கருப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 1995-இல். சரியாக 150 ஆண்டுகள். கேட்டது நன்றே, யார் காதுக்கு அது எட்ட வேண்டுமோ அவர்கள் மண்ணாகிப் பல காலம்.

1935-இல் ஹோவர்டு தர்மன் என்ற கருப்பினப் பேராசிரியர் நம் பகுதிக்கு வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் ஒருவர் அவரைத் தனியே அழைத்துக் கேட்டார்: உம் முன்னோரைப் பிடித்து விற்றவர் கிறித்தவர், விற்பது சரியென்றவர் கிறித்தவர், அந்தச் சமயத்துக்காகப் பேச நீர் எப்படி இங்கு வந்தீர்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1949-இல் அவர் வெளியிட்ட ‘இயேசுவும் உரிமையிழந்தோரும்’ என்ற நூல் அதற்கான விடைதான். அந்நூலில் தம் பாட்டியைப் பற்றி எழுதுகிறார். பாட்டி அடிமையாய்ப் பிறந்தவர், எழுத்தறியார். பேரன் சிறுவனாயிருந்தபோது வேதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். சங்கீதம் படிக்கலாம், ஏசாயா படிக்கலாம், சுவிசேஷங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். பவுலின் நிருபங்களை மட்டும் படிக்க விடமாட்டார். ஏன் என்று கேட்கும் துணிவு, பேரன் கல்லூரிக்குப் போன பின்னரே வந்தது. எசமானின் பாதிரியார் வரும்போதெல்லாம் அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்ற பவுலின் சொல்லையே பிரசங்கித்தாராம். விடுதலை வந்து, எழுத்தும் கைவந்தால், அந்தப் பகுதியை ஒருநாளும் படிப்பதில்லை என்று அன்றே அவர் உறுதி பூண்டாராம். எழுத்துக் கடைசிவரை வரவில்லை. உறுதியை மட்டும் காத்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், அன்பைப் பற்றிய 13-ஆம் அதிகாரத்துக்கு மட்டும் எப்போதாவது விலக்கு அளிப்பாராம்.